பதினொன்றுக்கும் பதினாறுக்கும் நடுவில்

அறுபதைத் தாண்டிய பிறகு எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. சிரிக்காதீர்கள். என் வயதுக்காரர்கள் சந்தன மாலையும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, நான் டிபன் பாக்ஸோடு கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸுக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தேன். அரசாங்கம் என்றால் நேரான அரசாங்கம் இல்லை, ஒரு ஏஜென்சி மூலமாக, ஒப்பந்தத்தில். சிதம்பரத்தை ஒட்டிய ஓர் உள்ளாட்சி அலுவலகம். பெயர் வேண்டாம், அங்கே போனால் எனக்கு இன்னும் டீ தருகிறார்கள். அதில் கட்டட அனுமதிப் பிரிவு. அந்தப் பிரிவின் ஆகக் கடைசி நாற்காலி என்னுடையது. எனக்குக் கீழே இருந்தது தரை மட்டும்தான்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. பாஸா என்று கேட்கக் கூடாது. சித்தாளாகச் செங்கல் சுமந்தேன், கொத்தனார் ஆனேன், மேஸ்திரி ஆனேன், பிறகு மேஸ்திரிகளை வேலை வாங்குகிற காண்ட்ராக்டர் ஆனேன். யாரும் கைதூக்கி விடவில்லை. காலை வாரிவிட்டவர்கள் உண்டு, அவர்களுக்கும் நான்தான் வீடு கட்டிக் கொடுத்தேன். மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் நான் கட்டிய வீடுகளில் குடியிருப்பவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தால் டிராஃபிக் நின்றுவிடும். ஒரு வீட்டிலும் ஒழுகல் கிடையாது. ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால், அவர் மாடியில் தொட்டி வைத்து ரோஜா வளர்க்கிறவராக இருப்பார்.

பிள்ளைகள் தலையெடுத்து, "போதும்ப்பா, ஒக்காரு" என்றார்கள். உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டை மேற்பார்வை பார்த்தேன். சமையல் மேடை உயரம் தப்பு என்று சொன்னேன் (கட்டியது நான்தான், அது வேறு விஷயம்). என் மனைவி அதற்குமேல் பொறுக்கவில்லை. நான் கட்டிய வீட்டில் குடியிருந்த ஒரு கவுன்சிலரிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள்:

"இந்த மனுசன பகல்ல மட்டும் எங்கயாவது வச்சிக்குங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

இப்படித்தான் நான் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டேன்.

வேலை என்னவென்றால், வீடு கட்ட அனுமதி கேட்டு வருகிறவர்களைக் கவுண்டரில் சந்திப்பது. எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது, ஆபீஸுக்கு யாரும் வரவே வேண்டாம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தோம். அதைப் படிப்பதற்காகவே தினமும் கூட்டம் வரும். பத்திரம் இருக்கிறதா, பட்டா இருக்கிறதா, வரைபடம் இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் தெரிந்த ஆளிடம் தள்ளுவேன். வீட்டைச் சுற்றிச் சட்டப்படி விட வேண்டிய காலியிடத்துக்கு ஆபீஸில் செட்பேக் என்று பெயர். "செட்பேக் எவ்ளோ விட்டிருக்கீங்க?" என்று கேட்டால், "நாங்க ஏன் சார் வுடணும், எங்க பாட்டன் வாங்கன எடம்" என்று ஆரம்பிப்பார்கள். பாட்டன் கதை முடிய மத்தியானச் சாப்பாடு வந்துவிடும். சில நாட்களில் டேப்பைத் தூக்கிக்கொண்டு மனைகளை அளக்கப் போக வேண்டும்.

என் மேலதிகாரி, நகரமைப்பு ஆய்வாளர், ஒரு பெண். என் கடைசி மகளைவிடச் சின்னவர். காடாம்புலியூர் பக்கம், முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்த வீட்டிலிருந்து பி.இ. முடித்து, பரீட்சை எழுதி வந்தவர். என்னை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். அந்த ஐயாவில் மரியாதை முன்னால் வரும், பின்னாலேயே ஒரு வேலையும் வரும். நான் அவரை மேடம் என்பேன்.

ஓர் ஆடி மாதம் ஒரு டீச்சர் வந்தார். அரசுப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். அவர் கொண்டுவந்த காகிதம் எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஏதாவது ஒன்று குறைந்தால்தானே நாங்களும் வேலை பார்க்கிற மாதிரி இருக்கும்?

"சீக்கிரம் கெடைக்குமாய்யா?"

"எல்லாரும் கேக்குறதுதாம்மா."

"எங்க அப்பாவுக்காகக் கேக்குறேன். மழைக்கு முன்னாடி ஒரு ரூமாவது ரெடியாவணும்."

அப்பா ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் இரண்டும் லீவு போட்டுவிட்டன. குடும்பம் இருப்பது மாடியில், வாடகைக்கு. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் மருமகன்தான் முதுகில் தூக்கிக்கொண்டு இறங்குவார். போன வருஷத்து மழையில் அவர் படியில் வழுக்கி, இரண்டு பேரும் சேர்ந்து சரிந்திருக்கிறார்கள். எலும்பு தப்பித்தது. ஆனால் பெரியவர் அன்றைக்கே சொல்லிவிட்டாராம், இனி யார் முதுகிலும் ஏற மாட்டேன் என்று. அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. டாக்டர்தான் மாடிக்கு வருகிறார்.

"கீழ்வூடு பாக்கறதுதானே?"

"வெள்ளம் வர்ற ஊருல படி இல்லாத வீடு எங்கய்யா இருக்கு? அதான் சொந்தமா கட்டுறோம். ஒரே தளம், சக்கர நாற்காலி ஏறுற மாதிரி சாய்வா ஒரு பாதை. அப்பா ரூமு பதினாறு அடி இருக்கணும். அவுரு போட்ட கண்டிஷன் அது ஒண்ணுதான்."

பதினாறு என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினீயரிங் படித்தவர்களுக்காக விளக்குகிறேன். அறையின் அகலம் இத்தனை அடி இருந்தால் இன்ன பலன் என்று சொல்வது மனையடி சாஸ்திரம். பத்து நல்லது. பதினொன்று நல்லது. பன்னிரண்டில் செல்வம் போகும், பதின்மூன்றில் பகை வரும், பதினான்கில் நஷ்டம், பதினைந்தில் எடுத்த காரியம் விளங்காது. பிறகு பதினாறில் திடீரென்று யோகம் அடிக்கும். பதினொன்றை விட்டால் பதினாறுதான். நடுவில் எங்கே நின்றாலும் குடும்பம் நாசம்.

டீச்சர் வீட்டார் வேதக்காரர்கள். பின்னால் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், போட்ட அன்று ஃபாதர் வந்து ஜெபம் பண்ணினார். ஃபாதர் ஆசீர்வாதம் பண்ணிய கல்லின்மேல் மனையடி ஏறி உட்கார்ந்தது. இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் சாமி வேறு, அளவு வேறு. கண்டக்டர் இப்போது படுத்திருக்கிற மாடி அறை பதினைந்து அடியாம். கை கால் போனதற்கு அதுதான் காரணம் என்பது அவர் கட்சி. சர்க்கரையும் பீடியும் என்று டாக்டர் சொன்னதை அவர் டாக்டரின் அறியாமை என்று மன்னித்துவிட்டார்.

அனுமதி சீக்கிரமே வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். கடைக்கால் எழும்பி, தரைமட்டத்துக்கு மேல் பேஸ்மட்டம் வந்து, அதன்மேல் சுவர் முழங்கால் உயரம் ஏறியதும், வரைபடப்படி இருக்கிறதா என்று அளக்க மேடமும் நானும் போனோம். போனால், மணல் குவியலின் மேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என் மச்சான். என் மனைவியின் தம்பி. புவனகிரிக்காரன், மேஸ்திரி. புவனகிரியில் அவனைத் தெரியாதவர் கிடையாது. அதனால்தான் சிதம்பரத்தில் வேலை எடுக்கிறான்.

"வாங்க மாமா! வாங்க மேடம்! மாமா வேலைக்குப் போறாருன்னு அக்கா சொல்லிச்சு. நான் நம்பல."

"டேப்பப் புடிடா."

தெற்குப் பக்கம் பக்கத்து மனை வேலிக்கும் டீச்சர் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு மீட்டர் காலியாக இருக்க வேண்டும். அதாவது மூன்றேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே. டேப் ஒன்றே முக்கால் அடி என்றது. நான் இன்னொரு தடவை வைத்தேன். டேப் பிடிவாதக்காரன், அதையேதான் சொன்னது.

"என்னடா இது?"

"எது மாமா?"

"சந்து எங்கடா? ஒண்ணர அடியக் காணும்."

"நான் என்ன மடியிலயா கட்டி வச்சிருக்கேன்? ரூம்பு பதினாறு கேட்டாங்க, பதினாறு குடுத்துருக்கேன். அளந்து பாரு. ஒரு நூலு தப்பு இருந்தா மீசைய எடுத்துடுறேன்."

அறையின் உள்ளே அளந்தேன். சுவர் முகத்திலிருந்து சுவர் முகம் வரை பதினாறு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மீசை தப்பித்தது. சந்து போனதும் அதே காரணத்தால்தான்.

மேடம் வரைபடத்தை விரித்துக் காட்டினார். "பாருங்க. ரெண்டு பக்கச் செவுரும் சேத்துத்தான் இதுல பதினாறு. வெளியளவு."

"செவுத்துலயா மேடம் படுக்கப் போறாரு?" என்றான் மச்சான். "பதினாறுன்னா உள்கூடு. எந்த ஊர்ல செவுத்தச் சேத்து அளப்பாங்க?"

"எங்க காலேஜ்ல," என்றார் மேடம்.

வரைபடம் போட்டுக் கொடுத்தவர் கடலூரில் இருக்கும் ஒரு சின்ன வயசு இன்ஜினீயர். அவருக்குப் போன் போட்டேன். "அங்கிள், அவுங்க சிக்ஸ்டீன்னு சொன்னாங்க. நான் சிக்ஸ்டீன் போட்டேன்" என்றார். அவர் பேரில் என்ன தப்பு? டீச்சர் சொன்ன பதினாறும் சரி, அவர் போட்ட பதினாறும் சரி, மச்சான் கட்டிய பதினாறும் சரி. மூன்று சரிகளும் சேர்ந்து ஒன்பது இஞ்ச் சுவர் இரண்டின் கனத்தை, ஒன்றரை அடியை, சந்தில் தள்ளிவிட்டன.

மதிய இடைவேளையில் டீச்சர் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். மேடம் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இந்தச் செவுரு ஒண்ணர அடி உள்ள வரணும் டீச்சர். இப்பிடியே மேல எழுப்புனா என்னால கையெழுத்துப் போட முடியாது. பக்கத்து மனைக்காரரு நாளைக்குக் கட்டும்போது ரெண்டு வீட்டுக்கும் காத்து வேணுமில்லையா?"

டீச்சர் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். "அப்ப ரூமு பதினாலரை."

பதினாலரை என்பது பதினாலு. பதினாலு என்பது நஷ்டம்.

"அப்பா வர மாட்டாரு," என்றார் டீச்சர்.

"சாஸ்திரம் பாக்குற காலமாம்மா இது?" என்றேன் நான். என் வீட்டு அறைகள் எல்லாம் பதினாறு என்பதை அப்போது சொல்லத் தேவைப்படவில்லை. "பதினொண்ணுல நிறுத்திக்கலாம். ஒரு கட்டில் போடலாம்."

"மீதி மூணரை அடி?"

"காத்து வரும்."

டீச்சர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஒங்களுக்குத் தெரியாதுய்யா. இப்ப அவுருக்கு எல்லாம் படுக்கையிலயேதான். நாந்தான் பாத்திரம் வச்சி எடுக்குறேன். அந்த நேரத்துல அவுரு மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் எங்கிட்ட பேச மாட்டாரு. புது வீட்டுக்கு வந்தா நாற்காலியில ஒக்காந்து ஹால் தாண்டிப் பின்கட்டு பாத்ரூமுக்குப் போலாம்னு சொல்லிச் சொல்லித்தான் வச்சிருக்கேன்."

மேடம் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கும் பார்க்க ஒரு வரைபடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மச்சானுக்கு இதெல்லாம் தாங்காது. தன் கையால் கட்டிய சுவரைத் தன் கையாலேயே இடிக்க வேண்டும் என்கிற எரிச்சல் வேறு. கொத்துக்கரண்டியை மணலில் குத்திவிட்டுக் கத்தினான்:

"பதினாலரை ஆவாதுங்கறீங்க. பதினாறு கூடாதுங்கறீங்க. அப்பப் பேசாம பத்துல ரூம்ப நிறுத்திட்டு மிச்சத்துல கக்கூஸ் கட்டிக்குங்க! ஆள வுடுங்க சாமி!"

டீச்சர் தலை நிமிர்ந்தார். "அண்ணே, அத இன்னொரு தரம் சொல்லுங்க."

"இல்லம்மா, கோவத்துல..."

"சொல்லுங்கண்ணே."

பதினாலரையில் பத்து போக, நாலரை இஞ்ச்சில் ஒரு நடுச்சுவர் போக, நாலடி மிஞ்சுகிறது. பதினொன்று என்றால் மூன்றடிதான் மிஞ்சும், நாற்காலி நுழையாது. பத்தில் நுழையும். கட்டிலிலிருந்து கதவு எட்டுகிற தூரம், ஹாலைத் தாண்ட வேண்டியதே இல்லை. கக்கூஸுக்கு மனையடி பார்க்கிற வழக்கம் கிடையாது, அங்கே யோகம் வந்து யார் என்ன செய்வது? மேடம் பென்சிலால் வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். திருத்திய வரைபடம் போட்டால் நாளைக்கே பார்க்கிறேன் என்றார். யோசனை எங்கள் குடும்பத்திலிருந்து போனது என்பதை நான் இங்கே பதிவு செய்கிறேன். தான் சொன்னது ஒரு யோசனை என்பதே மச்சானுக்குத் தெரியவில்லை என்பதையும்.

சாயங்காலம் பெரியவரிடம் சொல்லப் போனோம். டீச்சர், மச்சான், நான். செங்குத்தான படி. ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கியது, மருமகன் எப்படித் தூக்கினாரோ. பெரியவர் ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார். பேச்சு லேசாகக் குழறியது, குரலில் அதிகாரம் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க வாங்க. படியில நிக்காதீங்க, உள்ள வாங்க. இவுரு யாரு?"

"ஆபீஸ்லேருந்து வந்துருக்காருப்பா."

"ஆபீஸரா?"

"ஆமாம்," என்றேன். ஒருத்தராவது அப்படிக் கேட்டாரே.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். பெரியவரின் முகத்தில் வலது பாதி அசையவில்லை. இடது பாதி இரண்டு பாதிக்கும் சேர்த்துக் கோபப்பட்டது.

"படுக்குற எடத்துல கக்கூஸா? ஆஸ்பத்திரி கட்டுறீங்களா எனக்கு?"

"இப்பல்லாம் எல்லாரும் அப்பிடித்தாம்பா கட்டுறாங்க."

"பத்துக்கு என்ன பலனு?"

மச்சான் முந்திக்கொண்டான். "ஆடு மாடு பெருகும் பெரிப்பா."

"அப்பத் தொழுவத்துக்குச் சொன்ன அளவு. அதுல என்னக் கொண்டாந்து கட்டப் போற."

மச்சானை நான் ஒரு பார்வை பார்த்தேன். அவன் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தான்.

டீச்சர் கட்டிலோரம் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "அப்பா, அதுக்கு நீங்களே போய்ட்டு வரலாம்ப்பா" என்றார்.

பெரியவர் மகளை விட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நானேன்னா? கூட ஒராளு வர வேணாமா?"

"ஒங்களுக்கு எடது கை பலமா இருக்கு. எடது பக்கம் செவுத்துல கம்பி வச்சிடுறேன். நாற்காலிய இப்பிடி ஓட்டிக்கிட்டுப் போயி, கம்பியப் புடிச்சி மாறி ஒக்காந்துக்கலாம். நாலு நாளு பழகணும். அப்புறம் நீங்க பாட்டுக்கு."

"தாப்பா?"

"தாப்பா வாணாம்பா," என்றார் டீச்சர். "உள்ள வுழுந்து கிழுந்து வச்சீங்கன்னா?"

"தாப்பா இல்லாத கக்கூஸ் எனக்கெதுக்கு? அதுக்கு இந்தக் கட்டிலே போதும். தாப்பா இல்லன்னா எனக்குப் பதினாறுதான்."

"அப்பா, கேளுங்களேன்..."

"வெளியேருந்து தொறக்குற தாப்பாளும் வாணாம். அதெல்லாம் எனக்குத் தெரியும். முப்பது வருசம் ஜனங்களப் பாத்தவன் நானு."

மகள் மூச்சை இழுத்துவிட்டார். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். ஒன்றரை அடிச் சந்து, மீட்டர், மனையடி எல்லாம் போய், வீடே இப்போது ஒரு தாழ்ப்பாளில் வந்து நின்றது. அனுமதி விண்ணப்பத்தில் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. அரசாங்கம் எல்லாவற்றையும் கேட்கிறது என்று சொல்கிறவர்கள் கவனிக்க.

"தாப்பா உண்டு," என்றேன் நான். "உள்பக்கம்தான். நீங்க நாற்காலியில ஒக்காந்தா கை எந்த ஒசரத்துக்கு எட்டுதுன்னு காட்டுங்க."

இடது கையை நீட்டினார். நான் டேப்பை வைத்துப் பார்த்துக்கொண்டேன். டீச்சர் என்னை முறைத்த முறைப்பில் அவர் வகுப்புப் பிள்ளைகளின் நிலைமை எனக்குப் புரிந்தது.

படியில் இறங்கும்போது டீச்சரிடம் மெதுவாகச் சொன்னேன். "கதவு வெளிப்பக்கமா தொறக்குற மாரி வைக்கச் சொல்றேன். கீலு நம்ம பக்கம் வந்துடும். அவசரம்னா கீலு ஆணியத் தட்டி எடுத்தா கதவு கையோட வந்துரும். பெரியவருகிட்ட இத நாம சொல்லணும்னு ஒண்ணும் இல்ல." டீச்சர் நின்றார். இரண்டு படி இறங்கினார். மறுபடி நின்று, "அவரு கண்டுபிடிச்சிட்டாருன்னா?" என்றார்.

"கதவு வெளிய தொறந்தாத்தான் உள்ள நாற்காலி திரும்பும்னு சொல்லுங்க. அதுவும் நெசந்தான்."

மச்சான் மறுநாளே சுவரை இடித்தான். இடித்துக்கொண்டே என் பரம்பரையையும் இடித்தான், அது என் காதில் விழுகிற மாதிரி. ஆனால் வேலை ஓடியது. வீடு முழுக்க முடியவில்லை. ஹாலில் பூச்சு பாக்கி, சமையலறைக்கு ஜன்னல் பாக்கி. பெரியவரின் அறையையும் நாலடி பாத்ரூமையும் மட்டும் முதலில் முடித்தோம். கதவு, கம்பி, தாழ்ப்பாள் மூன்றும் நான் நின்று வைத்தது. வேறு யாரையும் நம்பி விட முடியுமா?

ஐப்பசி தொடங்கி வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு காலையில் அவரை இறக்கினார்கள். முதுகில் ஏற மாட்டேன் என்ற சத்தியம் அப்படியே இருந்தது. அதனால் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து, மருமகன் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம். சேரில் தூக்கினால் அது முதுகு ஆகாது என்று பெரியவரே தீர்ப்பு சொன்னாராம். எங்கள் ஆபீஸில் சேர வேண்டிய ஆள்.

மேடமும் நானும் கடைசியாக ஒரு முறை அளக்க அங்கே போயிருந்தோம். சந்து ஒரு மீட்டர், சரி. பெரியவர் புது அறையைச் சுற்றிப் பார்த்தார். "பத்துதானா?" என்று ஒரு தடவை கேட்டார். "உள்கூடு பத்து பெரிப்பா, நூலு பெசகாது" என்றான் மச்சான். பெரியவர் சக்கர நாற்காலிக்கு மாறி, சக்கரத்தை இடது கையால் தள்ளினார். அது ஒரு பக்கமாகவே திரும்பியது. மருமகன் பிடிக்கப் போனார், டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். சக்கரம் சுவரில் இடித்தது, பின்னால் வந்தது, மறுபடி போனது. புதுச் சுண்ணாம்பில் ஒரு கீறல். கதவு திறந்தது, நாற்காலி உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நாங்கள் ஐந்து பேர் வெளியே. மேடம் சும்மா டேப்பை இழுத்து இழுத்து விட்டார். மச்சான் கீலைப் பார்த்தான், நான் அவன் காலை மிதித்தேன். உள்ளே எதுவோ உரசியது. பிறகு அமைதி. அமைதி நீண்டுகொண்டே போனது. டீச்சரின் கை கதவுப் பக்கம் போய், பாதியில் நின்றது.

"அப்பா?"

"இன்னா, எல்லாரும் கியூவுல நிக்கிறீங்களா?" என்றது உள்ளே இருந்து குரல். "போங்க, போயி அவுங்கவுங்க வேலயப் பாருங்க."

போனோம். கவுண்டரில் உட்கார்ந்த காலம் முழுக்க எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரே பேச்சில் யாரும் போனதில்லை. நாங்கள் ஐந்து பேரும் ஒரே பேச்சில் போனோம்.